கதவிடுக்கில் ஒரு செருப்பு

காலை முறை பேருந்தை ஓட்டி முடித்து
பதினொன்றரைக்குச் செங்காங் வீட்டுக்கு வருகிறேன்.
சாவி திருகுவதில் ஒரு வித்தை உண்டு:
முதல் பாதி வேகமாக,
மறுபாதி மூச்சை அடக்கிக்கொண்டு.
உள்ளே சுகந்தி ஆபீசில் இருக்கிறாள்.

ஆபீஸ் என்பது எங்கள் புகலறை.
போர் வந்தால் ஒதுங்கவென்று
வீவக கட்டித்தந்த சன்னலில்லாச் சிற்றறை.
போர் வரவில்லை.
அரிசி மூட்டை வந்தது,
பழைய விசிறி, தீபாவளி விளக்குச் சரம் வந்தன,
மூன்றாண்டுக்கு முன் அவள் மேசை வந்தது.
இரும்புக் கதவைச் சாத்தினால் வைஃபை செத்துவிடும்.
அதனால் இடுக்கில் என் பழைய செருப்பொன்று.
அந்தச் செருப்பளவு இடைவெளியில்
அவள் குரல் வீட்டுக்குள் கசியும்.

"உங்கள் நிலைமை எனக்குப் புரிகிறது"
என்பாள் ஆங்கிலத்தில்,
பெட்டி தொலைத்தவரிடம்,
பாலியில் கால் முறித்துக்கொண்டவரிடம்,
அம்மா இறந்து பயணத்தை ரத்து செய்தவரிடம்.
பயணக் காப்புறுதி. நாளைக்கு நாற்பது பேர்.
நாற்பது பேரையும் புரிந்துகொண்டு
ஆறு மணிக்கு வெளியே வருகிறவளிடம்
என் முதுகு வலியைச் சொல்ல
எனக்கு வரிசை எண் கிடைப்பதில்லை.

குறையாகச் சொல்லவில்லை.
ஏறுகிறவர்களுக்கெல்லாம் தலையசைத்துவிட்டு வந்து
வீட்டில் அவள் எது கேட்டாலும்
நானும் தலையைத்தான் அசைக்கிறேன்.

தரையில் நீல நாடா ஒட்டியிருக்கிறாள்.
தாண்டினால் கேமராவில் விழுவேன்.
ஒருமுறை விழுந்தேன்,
இடுப்பில் துண்டு, கையில் மாம்பழம்.
ஒன்பது பேர் பார்த்தார்கள்.
ஹுய் மின் என்றொருத்தி இன்னும்
மேங்கோ அங்கிள் சுகமா என்று கேட்கிறாளாம்.

அன்றிலிருந்து சமையலறைக்கு
நான் போகும் தடம் வளைந்துவிட்டது.
மிக்சி பன்னிரண்டரைக்கு மேல்.
தும்மல் கழிவறையில்.
மேல்மாடிக்காரர் மூன்று வாரமாகக்
குளியலறையை இடித்துக்கொண்டிருக்கிறார்.
அவரை மன்னித்துவிட்டாள்.
நான் ஒரே ஒரு கரண்டியைக் கீழே போட்டது மட்டும்
இன்னும் பேச்சில் வருகிறது.

கீழே இறங்கிச் சோறு பொட்டலம் வாங்கிவந்து
செருப்பைத் தாண்டிக் கையை மட்டும் நீட்டி
மேசையோரம் வைப்பேன்.
திரும்பாமலே கட்டைவிரலை உயர்த்துவாள்.
அது எனக்கா, திரையில் இருப்பவருக்கா என்று
நான் விசாரித்ததில்லை.

போன புதன்கிழமை
எல்லாரும் நேரில் வரவேண்டும் என்றது நிறுவனம்.
தஞ்சோங் பகாருக்குக் கிளம்பினாள்.
இடுப்புக்குக் கீழேயும் அவள்
ஆபீஸ் உடுப்பு உடுத்திப் பார்த்து
எத்தனை நாளாயிற்று!

வீடு முழுக்க எனக்கு.
பாட்டு வைத்தேன். நிறுத்தினேன்.
மாம்பழம் நறுக்கித் தட்டோடு நடந்தபோது
நாடாவைச் சுற்றிக்கொண்டுதான் போயிருந்தேன்.
திரும்பி வந்தேன்.
வேண்டுமென்றே நடுவில் நின்றேன், அதிகாரமாக.
அணைந்த திரையில் ஒரு ஆள், தட்டோடு.

மூன்று மணிக்கு வானம் கறுத்தது. போன்.
"அங்க மழை வருதா? துணி எடுத்துட்டீங்களா?
கழியை மெதுவா இழுங்க, உங்க முதுகு வேற…"
குசுகுசுவென்று,
பக்கத்தில் யாருக்கும் கேட்கக்கூடாத குரல்.
பின்னால் ஆட்களின் சிரிப்பு, நாற்காலி நகரும் ஒலி.
அவர்களில் தமிழ்ப் பெண்ணொருத்தி
"யாருக்கா?" என்றாள்.

"வீட்டுலேர்ந்து."

அதற்குள் அவளை யாரோ கூப்பிட்டார்கள்.
போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
முதுகைப் பற்றி
நான் அவளிடம் சொன்னதே இல்லையே.

முதல் துளி விழுந்தது.
மூங்கில் கழியை மெதுவாகத்தான் இழுத்தேன்.
ஒரு தலையணை உறை நனைந்துவிட்டது.